பாம்புத்தாரா பார்க்கப் போன வலீ

தங்கச்சி ஹமீமாவின் நிக்காஹ் அன்று ஷிஹாம் தேவஹுவ குளக்கரைக்குப் போனது மடத்தனம்தான். அதை அவனே ஒத்துக்கொள்வான். வாப்பா மவுத்தாகி மண்ணுக்குப் போன பிறகு அவளுக்கு வலீ அவன்தான். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து "தந்தேன்" என்று அவன் சொன்னால்தான் கல்யாணம். ஆனால் பாம்புத்தாரா மீனைத் தூக்கிப்போட்டு விழுங்குவதைப் பார்க்க ஐந்து வருஷமாக அலைகிறவனுக்கு, பறவை வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டபின் வீட்டில் கால் தரிக்கவில்லை. லுஹர் தொழுகைக்கு முன்னால் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு ஓடிவந்துவிடலாம் என்று கணக்குப் போட்டான்.

கழுத்தை மட்டும் நீட்டிப் பாம்புபோல நீந்திய பறவை, முங்கி எழுந்தபோது அலகில் ஒரு பெரிய திலாப்பியாவைக் குத்திக்கொண்டு வந்தது. பட்டமரத்தில் ஏறி உதறு உதறென்று உதறியது. மீன் கழல்வதாயில்லை, ஷிஹாமும் நகர்வதாயில்லை. பாங்கு சொன்னது அவன் காதில் ஏறவேயில்லை.

அவன் எங்கே இருப்பான் என்று ஹமீமாதான் சொல்லி அனுப்பியிருந்தாள். குளக்கரையில் வந்து நின்ற வேனிலிருந்து முதலில் இறங்கியவர் மாப்பிள்ளையின் வாப்பா அப்துல் ஸமத்.

"பள்ளியில ஊரே காத்துக்கிட்டு இருக்கு. இந்தச் சம்பந்தமே வேணாம்னு போயிருவேன், தெரியுமா?"

ஷிஹாம் வேனை நோக்கி ஓடிவந்தான். "மாப்பு செய்யுங்க மாமா. இந்தா வந்துட்டேன்."

பின்னால் இறங்கிய, நிக்காஹ் நடத்திவைக்கும் லெப்பை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு மணிக்குப் பலாபத்வலயில எனக்கு இன்னொரு நிக்காஹ். வலீ இருக்காரு, மாப்பிள்ளை இருக்காரு, சாட்சிக்கு வேன்ல ரெண்டு பேர் இருக்காங்க. இங்கேயே முடிச்சிருவோம்."

குளத்துக்கு முதுகைக் காட்டி நின்று, ஷிஹாம் மாப்பிள்ளை ஷிஃபானின் கையைப் பிடித்தான். வாப்பா சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.

"என் தங்கச்சி ஹமீமாவை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன்."

"ஏற்றுக்கொண்டேன்" என்ற பதில் வரவில்லை. ஷிஃபானின் பார்வை அவன் தோளைத் தாண்டிப் போயிருந்தது. வேண்டாமென்றுவிட்டானோ என்று ஷிஹாம் பதறிப்போனான்.

"தூக்கிப்போட்டு முழுங்கிருச்சு," என்றான் மாப்பிள்ளை.

"அது பதில் இல்ல தம்பி," என்றார் லெப்பை, அவரும் பட்டமரத்தைப் பார்த்தபடியே.

"தலைப்பக்கமாத்தான் முழுங்குச்சு," என்றார் அப்துல் ஸமத், கோபமெல்லாம் மறந்து.

சாட்சிகள்கூடப் பார்த்துவிட்டார்கள். திரும்பிப் பார்க்கச் சொல்லி ஷிஹாமின் கழுத்து துடித்தது. அவன் திரும்பவில்லை. மாப்பிள்ளையின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து சொன்னான்.