நெரிசலில் பேசிக்கொண்டவர்கள்

கேன்டீன் பின்வாசலில் கையைக் கழுவிக்கொண்டு, இரண்டு மெதுவடையைத் தாளில் மடித்துப் பைக்குள் வைக்கும்போதே, சொல்ல வேண்டிய வார்த்தை தனத்தின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. போக வேண்டாம். அவ்வளவுதான். சனிக்கிழமையிலிருந்து அதையேதான் மனசுக்குள் உருட்டிக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு ரவுண்டானா நெரிசலில், சாம்பல் ஏற்றிய லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே டிவிஎஸ்ஸைக் காலூன்றி நிறுத்தியபடி அவள் புருஷன் கார்முகில் சொன்னான்: "ஒந்தம்பி சுபாஷ் கூப்புடறான். ராஜஸ்தான்ல சோலார் வேலையாம், ரெண்டு வருசம். திங்கக்கிழம ஷிப்டுக்குப் போறதுக்குள்ள சொல்லுன்றான், டிக்கெட் போடணுமாம். நீ என்னா சொல்ற?" அவள் வாயைத் திறப்பதற்குள் முன்னால் நின்ற லாரி நகர்ந்துவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவன் வண்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு நிலக்கரி மைன்ஸுக்கு ஆளேற்றும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். இன்றைக்குத் திங்கட்கிழமை.

ஏன், வீட்டில் சொல்லக்கூடாதா என்று கேட்கலாம். மந்தாரக்குப்பத்தில் அவர்கள் குடியிருக்கும் வாடகை வீட்டை வீடு என்று சொல்வதே கொஞ்சம் தாராளம்தான். ஒரே அறை. அதில் மகள் எழில்மதி பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு நடுநாயகமாக உட்கார்ந்திருக்கிறாள். தனம் விடியுமுன் மைன்ஸ் கேன்டீனுக்குக் கிளம்பும்போது கார்முகில் குறட்டை விடுவான். அவன் கன்வேயர் பெல்ட் வேலை முடிந்து கரி அப்பிய முகத்தோடு திரும்பும்போது அவள் அசந்து தூங்குவாள். இரண்டு பேருமே கான்ட்ராக்ட். ஷிப்டை மாற்றிக் கேட்டால் ஆளையே மாற்றிவிடுவார்கள். நேற்று ஞாயிற்றுக்கிழமை, காடாம்புலியூரில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் மகள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். போன் இருக்கிறது. போனில் அவர்கள் பேசுவதெல்லாம் பால் வாங்கிவிட்டாயா, கேஸ் வந்ததா என்பதுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் இருவருக்கும் வெட்கம் வந்துவிடும்.

ஊர் உலகத்தில் புருஷனும் பெண்டாட்டியும் பாயில் படுத்துக்கொண்டு பேசுவார்கள். இவர்கள் நடுரோட்டில் பேசியே குடும்பம் நடத்தியவர்கள். வீட்டுக்கு ஒரே வண்டி. மத்தியானம் ஷிப்ட் மாறும் நேரத்தில் அவன் அதை ஓட்டிக்கொண்டு வருவான், அவள் வேலை முடிந்து நடந்து வருவாள். எந்த இடத்தில் சந்திப்பது என்று ஒருநாளும் பேசிவைத்ததில்லை. வண்டி வரிசை எங்கே சிக்கி நிற்கிறதோ, அதை ஒட்டியே நடந்துபோய் அவனைக் கண்டுபிடிப்பாள். அவன் வடையைத் தின்பான், இவள் வண்டியில் சாய்ந்துகொண்டு பேசுவாள். வரிசை நகர்ந்ததும் வண்டி இவள் கைக்கு மாறும், அவன் மைன்ஸ் பஸ்ஸைப் பிடிப்பான். கல்யாணமான புதிதில் ரோடு முழுக்க சைக்கிள்தான். மணிச் சத்தத்தில் பேச்சே காதில் விழாது. அதனால் அவன் குனிந்து காதோரம் வந்து பேசுவான். அது அவளுக்குப் பிடித்திருந்தது. பிறகு பைக் வந்தது, கார் வந்தது, லாரி வந்தது, காத்திருப்பும் நீண்டது, பேச்சும் நீண்டது. மகளுக்குப் பேர் வைத்தது அங்கேதான். தனத்தின் அப்பா செத்த சேதியை ஒரு தண்ணி லாரிக்குப் பின்னால் வைத்து அவன் சொன்னான். லாரி நகர்ந்த பிறகும் அவள் கையை விடாமல் அப்படியே நின்றான், பின்னால் வந்தவர்களெல்லாம் ஒதுங்கிப் போனார்கள். அந்த வெயிலும் புகையும் இல்லாவிட்டால் தனக்கு இப்படியொரு புருஷன் இருப்பதே தெரியாமல் போயிருக்கும் என்று தனம் நினைப்பதுண்டு.

அந்த நெரிசலுக்குத்தான் இன்றோடு முடிவு கட்டியிருந்தார்கள். கலெக்டர் ஆபீஸ், போலீஸ், மைன்ஸ் நிர்வாகம் எல்லோருமாகப் பல மாதம் கூடிப் பேசி, ஷிப்ட் மாறும் நேரத்தில் லாரி எதுவும் வரக்கூடாது, ரவுண்டானாவைச் சுற்றி யாரும் வண்டியை நிறுத்தக்கூடாது என்று முடிவாகியிருந்தது. கேன்டீன் சூப்பர்வைசர் தமயந்தி காலையிலிருந்தே சிரித்த முகமாக இருந்தாள். திருநெல்வேலிக்காரி, டவுன்ஷிப் பிளாக்கில் கம்பெனி குவார்ட்டர்ஸ். "இனிமே எம்புள்ளைய ஸ்கூல்ல காத்துக் கெடக்க விட வேண்டாம் தனம். கால் மணி நேரத்துல வீடு." தனமும் தலையாட்டினாள். பொய்யாக ஆட்டவில்லை. போன மழைக்காலத்தில் ஒரு ஆம்புலன்ஸ் அந்த நெரிசலில் கத்திக்கொண்டே நின்றபோது, இந்த ரோட்டுக்கு ஒரு விடிவு வராதா என்று வேண்டிக்கொண்டவளும் அவள்தான்.

ரவுண்டானாவுக்கு வந்தவள் ஒரு கணம் திகைத்துப் போனாள். ரோடு துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. வண்டிகள் வந்தன, வளைந்தன, போயின. வரிசையே இல்லை, அப்புறம் எதை ஒட்டி நடப்பது? ஓரத்தில் புதுத் தடுப்புகள் வைத்திருந்தார்கள். முத்தாண்டிக்குப்பத்துக் கொளஞ்சிநாதன் ஊர்க்காவல் படைச் சட்டையில் விசிலும் கையுமாக நின்றான். தனம் தடுப்புக்குப் பின்னால் பையை அணைத்துக்கொண்டு நின்றாள்.

கார்முகில் வந்தான். இவ்வளவு வேகமாக அவன் வண்டி ஓட்டி அவள் பார்த்ததே இல்லை. வழக்கமாக நெரிசல் தொடங்கும் இடத்திலிருந்தே அவளைத் தேடிக்கொண்டு வந்தவன், அவளைக் கண்டபோது தாண்டிவிட்டிருந்தான். பிரேக் போடப் பார்த்தான். விசில் பறந்தது. வேறு வழியில்லாமல் ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டு மறுபடி வந்தான்.

"எங்க நிக்கறது?" என்று கத்தினான்.

"நிக்காதீங்கண்ணே, போய்க்கினே இருங்க," என்றான் கொளஞ்சிநாதன். பின்னால் வந்த கார் ஒன்று கார்முகிலைத் தள்ளாத குறையாகக் கூட்டிக்கொண்டு போனது.

"தம்பி, ஒரு நிமிசம் வுடுங்க. வண்டிய வாங்கிக்கினு போயிடறேன்," என்று தனம் கெஞ்சினாள்.

"இன்னிக்கு மொத நாளு அக்கா. எஸ்.ஐ. அங்க நின்னு பாத்துக்கினு இருக்காரு. பெட்ரோல் பங்க் தாண்டி நிறுத்திக்கச் சொல்லுங்க."

பெட்ரோல் பங்க் வரை போனால் மைன்ஸ் பஸ் போய்விடும். எதிரே பஸ் உறுமிக்கொண்டு நின்றது. வண்டி கைமாறாவிட்டால் இரண்டு கிலோமீட்டர் நடந்து வீட்டுக்குப் போய்விடுவாள், அது பெரிய காரியமில்லை. ஆனால் அவன் ஷிப்டுக்குள் நுழையுமுன் சுபாஷுக்குப் போன் பண்ணுவான். இவள் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை என்றால் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்வான். அவன் அப்படித்தான். அப்புறம் அந்தப் பாலைவனத்திலிருந்து பாலும் கேஸும் விசாரித்துக்கொண்டிருப்பான்.

மூன்றாவது சுற்றாக அவன் வந்துகொண்டிருந்தான். ஹெல்மெட்டுக்குள் கண் மட்டும் தெரிந்தது. தனம் தடுப்பை ஒரு கையால் நகர்த்திவிட்டு, ரோட்டில் இறங்கி, நேராக அவன் முன்னால் போய் நின்றாள்.

டிவிஎஸ் அவள் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அதன் பின்னால் ஒரு கார், காருக்குப் பின்னால் ஸ்கூல் வேன், அதற்கும் பின்னால் டவுன் பஸ்.

"போவ வாணாம்," என்றாள்.

"என்னா?"

ஹாரன் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். முன்பக்கம் இருந்த முடியில் பாதி எப்போது நரைத்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. பழைய சைக்கிள் காலத்தில் செய்ததுபோல் அவன் குனிந்து காதைக் கொடுத்தான்.

"ராஜஸ்தானுக்கு. போவ வாணாம் மாமா. எனக்கு இங்க பேச ஆளில்ல."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். எதிரே மைன்ஸ் பஸ் கதவை மூடிக்கொண்டு கிளம்பியது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. விசிலை ஊதிக்கொண்டே ஓடிவந்த கொளஞ்சிநாதன், இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, விசிலை வாயில் வைத்தபடியே ஊதாமல் நின்றான். ஸ்கூல் வேன் ஜன்னலில் பிள்ளைகள் தலையை நீட்டினார்கள். காரும் வேனும் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவுமாக வரிசை ரோட்டோர வேப்பமரத்தைத் தாண்டி, மந்தாரக்குப்பம் பக்கமாக நீண்டுகொண்டிருந்தது. கார்முகில் காலை அகட்டி ஊன்றி, வண்டியை அணைத்தான். பிறகு அவள் பையிலிருந்து வடைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான்.