இரண்டாம் மாடியில் தங்கிய சிப்பாய்

எல்லாரும் சுகமாக இருக்கிறீர்களா? இந்த மாசிக் குளிரில் முழங்கால்கள் சொல்வழி கேட்கின்றனவா? இங்கே பாரிசின் லாச்சப்பலில் நாங்கள் பரவாயில்லை, லிப்ட் இல்லாத கட்டடக்காரர் வழக்கம்போல மூச்சு வாங்கி ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். அப்படி லிப்ட் இல்லாத ஒரு கட்டடத்தில்தான், ரூ லூயி-பிளாங் தெருவில், 2014 செப்டம்பர் ஆறாம் திகதி சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மூன்றாம் மாடி ழாக்கின் வீட்டுக்குள் முதலாம் உலகப்போர் நுழைந்தது.

ழாக் ரயில்வேயில் வேலை செய்து ஓய்வெடுத்த மனிதர், எழுபத்திரண்டு வயது, தனிக்கட்டை. அன்று அவருடைய அலுமாரியைத் திறந்துகொண்டு சிவப்பு டாக்சிகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றிலும் ஐந்து சிப்பாய்கள். வரவேற்பறையைக் கடந்து கிழக்குப் பக்க யன்னலால் மார்ன் ஆற்றுச் சண்டைக்குப் போயின. நூறு வருடத்துக்கு முன்னர் ஜெர்மன் படை பாரிசைத் தொடப்போன நேரம் அந்தச் சண்டையால்தான் நகரம் தப்பியது. மத்தியானச் சாப்பாட்டோடு டாக்சிகள் முடிந்தன. ழாக் பெற்றோல் மணம் போக யன்னலைத் திறந்துவைத்தார். அதன்பிறகு ஒவ்வொரு பெரிய சண்டையும் தன் நூறாவது வருடத்தில், சரியான திகதியில் அந்த வீட்டுக்கு வந்தது. 2016 மாசி இருபத்தோராம் திகதி வெர்தன் சண்டை வந்து முந்நூறு நாள் நின்றது. அவ்வளவு நாளும் அவருடைய கோப்பைகள் மட்டும் கிலுகிலுத்தன, முகட்டிலிருந்து சேறு பெய்தது. அதன் நடுவே, ஆடியில், சொம் சண்டையும் வந்தது, ஒரே காலையில் தரை முழுக்கத் தொப்பிகள். 2017 சித்திரையில் அடுத்த சண்டையோடு அவர் குசினிக்குள் பனி கொட்டியது. வைகாசியில், இனி வீணாகச் சாகமாட்டோம் என்று சிப்பாய்கள் தளபதிகளை எதிர்த்து, வெட்டக் கொண்டுபோகும் செம்மறிகளைப்போலக் கத்திக்கொண்டு நடந்தார்கள். நகரசபையிலிருந்து ஆட்கள் பூங்கொத்தோடு வந்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

நேர் கீழே, இரண்டாம் மாடியில், வன்னியிலிருந்து வந்த நாகேஸ்வரி இருந்தாள். கட்டடத்தின் படிக்கட்டைக் கழுவுவது அவள் வேலை. அவளுடைய முகட்டில் ஒரு சொட்டுச் சேறு இறங்கவில்லை. ஈரம்கூட இல்லை. முதலில் நல்லதென்று நினைத்தாள், பிறகு அதுவே அவளுக்குத் தாங்கமுடியாமல் போனது. அவளும் ஒரு போரிலிருந்து வந்தவள்தான். 2009 வைகாசியில், கடல் நீரேரிக் கரையில், அவளுடைய கணவர் ஸ்ரீஸ்கந்தராசா தண்ணீர்க் கான் ஒன்றை எடுத்துவரத் திரும்பிப் போனார். அவ்வளவுதான். பூங்கொத்தோடு ஒருவரும் வந்து அது எந்தத் திகதி, எத்தனை மணி என்று அவளைக் கேட்டதில்லை.

2016 மார்கழியில் வெர்தன் முடிந்த அன்று தெருக்கதவடியில் ஆணிச் சப்பாத்துத் தடம் இரண்டு விழுந்தது. ழாக் குனிந்து பார்த்துவிட்டு, தன் தாத்தா அல்பிரட் வருகிறார் என்றார். அல்பிரட் இருபத்தாறு வயதில் வெர்தனில் காணாமல் போனவன். அதிலிருந்து ஒவ்வொரு சண்டைக்கும் தடம் சில படி ஏறியது. ழாக் அந்தத் தடங்களைக் கழுவ வேண்டாம் என்று கேட்டிருந்தார். 2018இல், பதினோராம் மாதம் பதினோராம் திகதி பதினொரு மணிக்குப் போர் முடிந்துவிடும், அதற்குள் வந்தால்தான் உண்டு.

2018 வைகாசியில் நாகேஸ்வரி கீழே போன்கடையில் வேலை செய்யும் மன்னார் மரியகொறற்றியிடம் போய் நின்றாள்.

"அந்தாளின்ரை தாத்தாவுக்கு நூறு வருசம் கழிச்சும் வழி தெரியுது. என்ரை மனுசனுக்கு ஒம்பது வருசத்திலை தெரியேல்லை."

"செத்த சிப்பாயோடையும் எரிச்சலோ அக்கா உங்களுக்கு?"

"அவன் செத்தவன். இவர் செத்தார் எண்டு ஆர் சொன்னது?"

"நீங்கள்தானே அக்கா எழுதிக் குடுத்தனீங்கள்," என்றாள் மரியகொறற்றி, சிம் அட்டையை வெட்டிக்கொண்டே.

உண்மைதான். 2010இல் அகதி விண்ணப்பம் எழுதியபோது, காணாமல் போனவர் என்றால் கேள்வி நீளும், விதவை என்று போடுங்கள் என்று மொழிபெயர்த்தவர் சொன்னார். அவள் கையெழுத்து வைத்தாள். அன்றுமுதல் எந்தப் பத்திரத்திலும் அவள் விதவை.

2018 ஆனி மாதம் ழாக் அவளுக்குக் கோப்பி ஊற்றிக்கொடுத்துத் தன் பாட்டி லூயிஸைப் பற்றிச் சொன்னார். அல்பிரட் இறந்ததாக ஒப்புக்கொள்ளும் பத்திரம் வந்தபோது லூயிஸ் கையெழுத்து வைக்கவே இல்லையாம். இதே வீட்டில் 1971இல் சாகும்வரை, "வந்துகொண்டிருக்கிறார்" என்றுதான் சொன்னாளாம். சொல்லும்போது ழாக்குக்கு முகம் கொள்ளாத பெருமை. நாகேஸ்வரி கோப்பியைக் குடிக்கவில்லை. பார்த்தேயிராத அந்தக் கிழவியில் வந்த பொறாமை அவள் நெஞ்சுக்குள் அடுப்பாக எரிந்தது. நேரே இறங்கி, வாளியில் கறை போக்கும் ஜாவெல் தண்ணீரை இரண்டு மடங்கு ஊற்றி, தெருக்கதவிலிருந்து தன் வாசல்வரை ஏறியிருந்த எல்லாத் தடத்தையும் தேய்த்துக் கழுவினாள்.

ஆடி பதினெட்டாம் திகதி, போரைக் கடைசியாகத் திருப்பிய இரண்டாவது மார்ன் சண்டையின் எதிர்த்தாக்குதல் மேலே தொடங்கியது. நாகேஸ்வரி மிளகாய் வறுத்த புகை போகக் கதவைத் திறந்துவைத்திருந்தாள். தடம் அழிந்ததால் மேலே போக வழி தெரியாத அல்பிரட் திறந்திருந்த கதவால் உள்ளே வந்து கதிரையில் இருந்தான். மூன்று நாளுக்கு முன்னர் பிரான்ஸ் பந்தாட்ட உலகக்கிண்ணம் வென்றதற்குக் கட்டிய கொடிகள் இன்னும் யன்னல்களில் தொங்கின, அவற்றைப் பார்த்து, "வென்றுவிட்டோமா?" என்று கேட்டான். அவள் ஓம் என்று தலையாட்டி, சோறும் சொதியும் வைத்தாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

நான்கு மாதம் அவனை வைத்திருந்தாள். சாரம் உடுத்தி வெங்காயம் உரித்தான். மேலே ழாக் தடமில்லாத படியைப் பார்த்துப் பார்த்து மெலிந்தார். மரியகொறற்றி ஒருநாள் கறிவேப்பிலை கொண்டுவந்தவள் கண்டுவிட்டாள்.

"அக்கா, இது அவற்ரை தாத்தா. உங்கடை மனுசன் இல்லை."

"நானே பிடிச்சு வச்சிருக்கிறன்? அவராத்தான் இருக்கிறார்."

"கதவிலை ரெண்டு பூட்டுத் தொங்குது."

படியில் காலடி கேட்கும்போதெல்லாம் அல்பிரட் எழுந்து நிற்பான். நித்திரையில் லூயிஸ் என்பான். அதைக் கேட்கக் கேட்க அவளுக்குப் பத்தியது. வழியில் தன் கணவரைக் கண்டானா என்று கேட்க ஒவ்வொரு நாளும் வாயெடுத்தாள். பயத்தில் கேட்கவில்லை.

கார்த்திகை பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை, பத்தரை மணிக்கு ழாக் கோட் போட்டு, போரில் இறந்தோர் நினைவுக்கான நீலப்பூ குத்தி இறங்கிவந்து அவள் வாசற்படியில் உட்கார்ந்தார். "மதாம் நாகேஸ், இன்னும் அரைமணிதான். பாட்டிக்கு நான் என்ன பதில் சொல்வேன்," என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற நாகேஸ்வரிக்கு, நீரேரிக் கரையில் யாரோ தன்னுடைய ஆளையும் இப்படிப் பூட்டி வைத்திருக்கக்கூடும் என்று தோன்றியது. அல்பிரட்டின் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, வாற வழியிலை தண்ணிக் கானோடை ஒருத்தரைக் கண்டனியோ?"

அவன் தமிழில் கேட்டதற்குப் பிரெஞ்சில் பதில் சொன்னான். வழியில் நிறையப் பேர், மதாம். எல்லாரும் நடக்கிறார்கள். இறந்ததாக வீட்டார் கையெழுத்து வைத்துவிட்டவர்கள் மட்டும் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். கானோடும் ஒருவர் உட்கார்ந்திருந்தார், எனக்குத் தண்ணீர் தந்தார்.

அவள் இரண்டு பூட்டையும் திறந்து, அவன் கையைப் பிடித்து ழாக்கிடம் கொடுத்தாள். எழுபத்தாறு வயது மனிதர் இருபத்தாறு வயதுக்காரனைத் தாத்தா என்று கூப்பிட்டார். இருவரும் மேலே போனார்கள். பதினொரு மணிக்குப் பாரிசின் மணிகள் அடித்தன, கோப்பைகள் அமைதியாயின. ழாக் அவளோடு ஆறு கிழமை பேசவில்லை. பிறகு அல்பிரட் சனிக்கிழமைகளில் சொதிக்கு இறங்கிவரத் தொடங்கியதால் பேசவேண்டி வந்தது. தன் சூப்பைவிட அந்தச் சொதியை அவன் புகழ்வது ழாக்குக்கு இன்றுவரை பிடிக்காது.

2019 மாசியில், விசா அட்டை புதுப்பிக்கும் நாளில், நாகேஸ்வரி பிரெபெக்தூர் என்ற அரச அலுவலகத்தின் கண்ணாடிக்கு முன்னால் நின்று, விதவை என்பதை வெட்டி மணமானவர் என்று எழுதச் சொன்னாள். அப்படி மாற்றினால் பைலை முதலிலிருந்து திறக்கவேண்டும், அட்டை கிடைக்க ஒரு வருடத்துக்கு மேலாகலாம், அதுவரை வேலைக்கும் சிக்கல் என்று உள்ளே இருந்த பெண் இரண்டுதரம் சொன்னாள். எழுதுங்கள் என்றாள் நாகேஸ்வரி. கணவர் இப்போது எங்கே என்று கேட்டாள் அந்தப் பெண். வழியில், என்றாள். எப்போது வந்துசேர்வார்? நூறாவது வருடத்தில், 2109 வைகாசி. அந்தப் பெண் இரண்டையும் தட்டச்சுச் செய்து, எழுத்து சரியா என்று பார்க்கத் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

அட்டை பதினாறு மாதத்தால் வந்தது. நீங்களும் எந்தப் பத்திரத்திலாவது கையெழுத்து வைத்து யாரையாவது வழியோரம் உட்கார வைத்திருந்தால், எந்தக் கந்தோரில், என்ன சொல்லி அதை மாற்றினீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். இந்தத் தெருவில் இன்னும் பலபேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.