துடைத்த கன்னம்

அந்தத் தெருவுக்கே அவள் அண்ணிதான். நாத்தனார் ஒருத்தி கூப்பிட ஆரம்பித்தது, பால்காரர் வரைக்கும் பரவிவிட்டது. அண்ணியின் வீட்டில் தூசிக்கு இடமில்லை. சோப்பையே கழுவி வைக்கிற கை அது. அந்தக் கைதான் அன்று காலை பத்து மணிக்குப் போகக் கூடாத இடத்துக்குப் போய்விட்டது.

படம் மாமியாருடையது. வீட்டில் எல்லோரும் பாப்பா என்று கூப்பிடுகிற அந்த நாத்தனார், பத்தொன்பது வயதில், கல்யாணமாகித் தூர தேசம் போவதற்கு முந்தின மாதம், அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்துப் பேஸ்டல் குச்சிகளால் வரைந்தது. கரும்பலகையில் எழுதுகிற சாக்பீஸ் மாதிரிதான் அந்தக் குச்சிகளும்; தேய்த்தால் மாவாக உதிரும். அந்தக் கலர்ப்பொடி காகிதத்தின் சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் முப்பத்தொன்பது வருஷமும் கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. சுவருக்கு வெள்ளையடிக்கும்போது கண்ணாடி விரிசல் விட்டது. இன்றைக்கு நாலு மணிக்கு நாத்தனார் வந்து படத்தை எடுத்துக்கொண்டு ஏழு மணி வண்டிக்கே தன் வீட்டுக்குத் திரும்பப் போகிறாள். அதற்குள் புதுக் கண்ணாடி போட்டுவிடலாமே என்று அண்ணி சட்டத்தைக் கழற்றினாள். கீழ் விளிம்பில் மெல்லிசாகப் பொடி படிந்திருந்தது.

"அட, உள்ளேயும் தூசியா!" என்று துணியால் ஒரு இழுப்பு இழுத்தாள்.

ஒரே இழுப்புதான். மாமியாரின் இடது கன்னம் துணியோடு வந்துவிட்டது. காதும் கூடவே.

கம்பவுண்டர் எட்டிப் பார்த்தார். அவள் புருஷன்தான்; வேலையை விட்டு ஏழு வருஷமாகியும் பெயர் விடவில்லை.

"என்ன பண்ணி வச்சிருக்கே?"

"தூசின்னு நினைச்சேங்க."

"எங்கம்மாவையா?"

"இப்பதான் உங்களுக்கு வாய் வருது. பாப்பா வந்து கேட்டா என்ன சொல்றது?"

"எலி நக்கிடுச்சுன்னு சொல்லிடலாம்."

"கன்னமும் காதுமா பார்த்து நக்கற எலி உங்க வம்சத்துலதான் பொறக்கணும்."

பேச்சு என்னவோ பேசிவிட்டாள். ஆனால் துணியை உதற மனசு வராமல் மடித்து வைத்தாள். அம்மா போன சமயத்தில் பாப்பாவால் வர முடியவில்லை. ஆறு வருஷமாக ஃபோனில் கேட்டதெல்லாம் இந்தப் படம் ஒன்றைத்தான். ஐம்பத்தெட்டு வயதுப் பாப்பா, இதுவரை அண்ணியை ஒரு சொல் கடிந்து பேசியவளில்லை. அது இன்றைக்கு உடைந்துவிடுமோ?

அலமாரியின் அடித்தட்டில் பாப்பா விட்டுப்போன கலர்ப் பெட்டி இருந்தது. திறந்தாள். குச்சிகள் எல்லாம் விரல்நுனி அளவுக்குத் தேய்ந்து, ஒன்றின் மேல் ஒன்று உரசி, எது பழுப்பு எது ரோஜா என்று தெரியாமல் கிடந்தன. அந்தப் பழைய வாசனை மூக்கில் ஏறியதும் படம் வரைந்த அந்த மத்தியானமே எழுந்து வந்துவிட்டது. அப்போது அண்ணி புதுசாக வந்த மருமகள். காகிதம் மாட்டிய பலகையை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். பாப்பா முதலில் இருட்டு நிறங்களைப் பூசி, அதன் மேல் வெளிச்சத்தை வைத்து, மோதிர விரலால் தடவித் தடவிக் கலந்தாள். அத்தை அசையாமல் உட்கார்ந்தபடியே, "அடுப்புல பால் பொங்குது, யாராவது போங்கடி" என்று உதடு பிரியாமல் சொன்னதும், இரண்டு பெண்களும் சிரித்துச் சிரித்துப் பலகையைக் கவிழ்க்கப் பார்த்ததும்!

அண்ணி பழுப்பை எடுத்தாள். வரையத் தெரியாதுதான். ஆனால் அந்தக் கன்னம் தெரியும். கடைசி நாலு வருஷம் தினமும் அதில் எண்ணெய் தடவிய விரல்கள் இவை. கண்ணை முக்கால்வாசி மூடிக்கொண்டு, காகிதத்தில் எண்ணெய் தடவுகிற மாதிரியே தடவினாள். கன்னம் வந்தது. காது மட்டும் வரவே இல்லை.

"ஏங்க, அத்தை காது எப்படி இருக்கும்?"

"காது மாதிரிதான் இருக்கும்."

"பெத்த தாயோட காதுங்க!"

"நான் அவங்க சொன்னதைக் கேட்டேன். காதை எங்க பார்த்தேன்?"

"சொன்னதைத்தான் என்னிக்குக் கேட்டீங்க?"

நாலு மணிக்கு முன்னாலேயே பாப்பா வந்துவிட்டாள். பயணப் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் மேஜைப் பக்கம் போனாள். அண்ணி சுவரோடு ஒட்டி நின்று சொன்னாள்:

"நான்தான் பாப்பா துடைச்சேன். எலி இல்ல."

"எலியா? எந்த எலி?"

"உங்கண்ணன் எலி. அதை விடு. என்னைத் திட்டு."

பாப்பா திட்டவில்லை. முகம் கடுத்துத்தான் போனது. துடைத்த இடத்தையே முறைத்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்தாள். வலது பக்கம், தான் வரைந்த அம்மா, வழவழப்பாக, நாற்பத்தைந்து வயதில் இருந்தாள். இடது கன்னம் மட்டும் வயதாகி, உள்வாங்கித் தொங்கியிருந்தது. மூக்கு ஓரத்தில் சின்னதாக ஒரு பள்ளம்.

"இது என்ன அண்ணி, இங்க?"

"மூக்குக்கண்ணாடி அழுத்தின தழும்பு. கை தானா போட்டுடுச்சு பாப்பா. அழிச்சுடறேன்."

"அம்மா கண்ணாடி போட்டாங்களா?"

"நீ கடைசியா வந்துட்டுப் போனதுக்கு அப்புறம்தான். போட்ட அன்னிக்கு என்னைத்தான் முதல்ல பார்த்தாங்க. 'அடியே, உனக்கு இவ்வளவு நரையா? நான் இருக்கும்போது நீ எப்படி நரைக்கலாம்'னு சண்டைக்கு வந்துட்டாங்க."

பாப்பா சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைய, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்ததும் பாப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு,

"அண்ணா, ஏழு மணி டிக்கெட்டை மாத்திடு" என்றாள்.

"எந்த நாளுக்கு?"

"அப்புறம் சொல்றேன். மேஜையை ஜன்னல் பக்கம் தள்ளு."

கம்பவுண்டர் தள்ளினார். பாப்பா கலர்ப் பெட்டியைக் கிளறி ஒரு துண்டுப் பழுப்பைப் பொறுக்கினாள்.

"கன்னத்தைத் தொட மாட்டேன். அது உங்க கன்னம். காதைச் சொல்லுங்க அண்ணி, நான் போடறேன்."

"சொல்ல வரலையே பாப்பா. தொட்டுக் காட்டினாத்தான் வரும்."

"அப்ப தொட்டுக் காட்டுங்க."

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பாப்பாவின் முடியை ஒதுக்கி, இடது காதை இரண்டு விரலால் பிடித்தாள். மேலிருந்து மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தாள்.

"அத்தைக்கும் இங்க இப்படியேதான் மடியும். இதோ, இந்த இடத்துல தோட்டு ஓட்டை இன்னும் கொஞ்சம் கீழ இறங்கியிருக்கும். போடு."