முன்பின்னாரின் பொத்தான்

கூட்டம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரமே இருந்தபோது மேலாண்மை இயக்குநர் தன் அறையிலிருந்து தலையை மட்டும் நீட்டி, "தொலைநோக்கைத் தூக்கி முன்னாடி போட்டா எப்படி இருக்கும்?" என்றார். கேள்வி மாதிரி தொனிக்கும், ஆனால் கேள்வி அல்ல. பாட்டில் மூடி செய்யும் கம்பெனிக்கு எவ்வளவு தூரம்தான் நோக்க முடியும் என்று யாரும் கேட்டதில்லை. எதைக் கொடுத்தாலும் முன்னதைப் பின்னும் பின்னதை முன்னும் போடச் சொல்வதால், முதுகுக்குப் பின்னால் அவருக்கு முன்பின்னார் என்று பெயர்.

"போட்டுடலாம் சார்" என்றாள், அவருடைய பிரசன்டேஷனைத் தயாரிக்கும் அவள். திரையின் ஓரத்தில் ஒரு பகுதியைப் பிடித்து மேலே இழுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். முடிந்தது.

இந்த 'முடிந்தது'க்குப் பின்னால் எத்தனை மாலைகள் போயின என்று அவளுக்குத்தான் தெரியும். பிரசன்டேஷனில் ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் அஜெண்டா ஸ்லைடு ஒன்று வந்தாக வேண்டும் என்பது முன்பின்னாரின் கட்டளை. இப்போது பேசும் தலைப்பு மட்டும் அடர்த்தியாகத் தெரிய வேண்டும், மற்றவை மங்க வேண்டும், எந்த வரியைத் தொட்டாலும் அந்தப் பகுதிக்குப் போய் நிற்க வேண்டும். அவர் ஒன்றை இடம் மாற்றினால் எல்லா அஜெண்டாவும் பொய்யாகிவிடும். லிங்க் ஒவ்வொன்றையும் அவிழ்த்துக் கட்டி முடிக்கும்போது, துப்புரவுக்காரர் அவள் காலைத் தூக்கச் சொல்லி அடியில் பெருக்கிக்கொண்டிருப்பார்.

அதனால், ஒரு பொத்தானை அழுத்தினால் இத்தனையையும் தானே செய்துவிடும் மேக்ரோ எழுதக் கற்றுக்கொண்டாள். முதலில் எழுதியது எந்த வரியைத் தொட்டாலும் கடைசியிலுள்ள 'நன்றி' ஸ்லைடுக்கே போனது. என்ன கேட்டாலும் நன்றி சொல்லும் அந்த மரியாதையைத் திருத்தச் சில வாரங்கள் பிடித்தன. இப்போது அது பழைய அஜெண்டாக்களைத் துடைத்தெறியும். பகுதிகளின் பெயர்களை வரிசையாகப் படித்துப் புதிதாக எழுதும், லிங்க் கட்டும், உரிய வரியைக் கறுப்பாக்கும். கண்ணிமைக்கும் நேரம். அழகான வேலை. அந்தக் கம்பெனியில் சொன்னதை அப்படியே செய்த ஒரே ஜீவன் அதுதான்.

ஒரு விஷயம் மட்டும் மீதி. முன்பின்னார் தலைப்புகளையும் தினம் மாற்றுவார். நேற்றைய 'சவால்கள்' இன்று 'வாய்ப்புகள்' ஆகும். எது எதுவென்று தனக்குக் குழம்பாமல் இருக்க, பகுதிகளுக்கு அவள் தானே பெயர் வைத்திருந்தாள். ஃபைலைத் திருத்துகிறவர் கண்ணுக்கு மட்டும் ஓரத்தில் தெரியும் பெயர்கள். பொத்தானை அழுத்தினால் முதலில் அவைதான் அஜெண்டாவில் வந்து விழும். கடைசி வேலையாக அன்றைய ஆடம்பரத் தலைப்புகளை அவற்றின் மேல் எழுதிவிடுவாள். இன்றும் எழுதினாள்.

மதியம் தங்கை போன் செய்திருந்தாள். இருவரும் ஒன்றாகத்தான் நீச்சல் வகுப்பில் சேர்ந்தார்கள்.

"அக்கா, இன்னிக்கு ஆழமான பக்கம். வரலேன்னா அடுத்த பேட்ச்தான். எல்லாம் பால்பல் விழாத பொடிசுங்க. அதுங்களோட நீயும் பலகையைப் பிடிச்சுக்கிட்டு காலை ஆட்டு."

"வந்துடறேன்டி."

"கோச் சார் கேட்டாரு, அந்தம்மா தண்ணிக்குப் பயந்துட்டாங்களான்னு. இல்ல சார், ஆபீஸ்லயே மூழ்கிட்டாங்கன்னு சொன்னேன்."

"உன் வாய் இருக்கே..." என்று வைத்துவிட்டாலும் அவள் பையில் நீச்சலுடை மடித்துத் தயாராகத்தான் இருந்தது.

கூட்டம் தொடங்கியது. கம்பெனியின் தலைவரம்மா நடுவில் உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசாதவர். எதிரே இருந்த, கம்பெனி மூடி போட்ட தண்ணீர் பாட்டிலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். முன்பின்னார் தொலைநோக்கை முடித்துச் சாதனைப் பயணத்தில் இறங்கியபோது தலைவரம்மா குறுக்கிட்டார்.

"தரத்தைப் பத்தின பகுதியை இப்பவே பார்க்கலாமே."

வேறு ஆளாயிருந்தால் அந்த வரியைத் தொட்டு நேரே போயிருப்பார். முன்பின்னாருக்கு முகம் மலர்ந்தது. "பார்க்கறது என்ன மேடம், வரிசையையே மாத்திடறேன். நம்ம கம்பெனியில இப்ப எல்லாம் தானியங்கி. நானே யோசிச்சு ஒரு சிஸ்டம் கொண்டு வந்திருக்கேன்."

கடைசி வரிசையிலிருந்து அவள் எழுந்துவிட்டாள். "சார், அந்தப் பொத்தான் மட்டும் இப்ப..."

"பதறாதீங்கம்மா. எனக்குத் தெரியும்."

பகுதியை இழுத்தார். சபையை ஒருமுறை பார்த்தார். அழுத்தினார். சுவர் முழுக்க அஜெண்டா விரிந்தது.

மூடி ஒழுகுது
போன வருஷம் சொன்னதே
பீற்றல்
சாக்கு
கேட்டால் சமாளிப்பது

யாரோ இருமலாக மாற்றப் பார்த்த சிரிப்பு பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது. தலைவரம்மா கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றி நிதானமாகப் படித்தார்.

"யார் போட்டது இது?"

"அந்தம்மாதான் மேடம்" என்றார் முன்பின்னார். பொத்தான் ஒரே நொடியில் அவளிடம் திரும்பி வந்துவிட்டது.

அவளுக்கு வேலை போனால் என்ன செய்வது என்று ஒரு பக்கம் ஓடியது. அதே நேரத்தில், வெட்கமில்லாமல், கண் வரிகளைச் சரிபார்த்தது. வரிசை சரி. இடைவெளி சரி. முதல் வரி மட்டும் கறுப்பு. தப்பே இல்லை.

"தொட்டா போகுமா?" என்றார் தலைவரம்மா.

"போகும் மேடம்."

"அப்ப பீற்றல் வேணாம். சாக்கும் வேணாம். முதல் வரியைத் தொடுங்க சார்."

முன்பின்னார் தொட்டார். 'தர மேம்பாட்டு வாய்ப்புகள்' என்று மகுடம் சூட்டி, அடியில் பொடி எழுத்தில் புதைத்திருந்த கசிவுக் கணக்கின் முன் திரை போய் நின்றது. தலைவரம்மா தன் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்தார். ஒரு சொட்டு தயங்கி, மேசைமேல் விழுந்தது.

அதன்பின் பேச்செல்லாம் மூடியைப் பற்றித்தான். ரப்பர் வளையம், அச்சு, யாருக்கு முன்பே தெரியும், ஏன் சொல்லவில்லை. இருட்டும்வரை போகும் கூட்டம் வெயில் இருக்கும்போதே கலைந்தது. வெளியே போகும்போது தலைவரம்மா அவளைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். பாராட்டா, 'இருக்கட்டும், பார்த்துக்கறேன்' என்பதா, தெரியவில்லை. முன்பின்னார் தெளிவாகவே சொன்னார்: "நாளைக்குக் காலைல முதல் வேலையா என் ரூமுக்கு வாங்க."

"சரி சார்" என்று பையை எடுத்துக்கொண்டாள்.

ஆழமான பக்கத்தில் தண்ணீர் கருநீலமாக இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மிதந்த தங்கை, "அதிசயமா இருக்கே, உங்க ஆளு சீக்கிரம் விட்டுட்டாரா?" என்றாள்.

"அவரே பொத்தானை அழுத்தினாரு."

"என்னது?"

"அப்புறம் சொல்றேன்."

மேலே நின்ற பயிற்சியாளர் விசில் ஊதினார். "மூச்சு இழுங்க, காலை நீட்டுங்க, கையை விடுங்க. அந்த வரிசையிலதான்."

அவள் முதலில் கையை விட்டாள்.