பூட்டிய கதவும் பாயின்டரும்

படாரென்று வாசற்கதவு திறந்து சுவரில் மோதியது. அடுப்பை அணைத்துவிட்டு அவள் ஓடி வந்தாள். கூடத்தின் நடுவே ஒரு நாய் நின்றிருந்தது. சங்கிலியின் மறுமுனையில், இழுத்துவரப்பட்டவன் போல மூச்சு வாங்கியபடி அவளுடைய அண்ணன்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வெளியூரில் அவசர வேலையாம், இரண்டு நாள் நாயைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். நாயை வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பேச்சு மட்டும் பத்து வருடம் வளர்த்தவன் பேச்சு. ஜெர்மன் பாயின்டர் என்றால் லேசுப்பட்டதில்லை. அந்த நாட்டு வேட்டைக்காரர்கள், மோப்பம் கெட்டியான ஸ்பெயின் நாயையும் ஓட்டம் கெட்டியான இங்கிலீஷ் நாயையும் சேர்த்துத் தலைமுறை தலைமுறையாகப் பதம் பார்த்து உண்டாக்கிய சாதி. காட்டிலும் ஓடும், தண்ணீரிலும் நீந்தும், விழுந்ததைப் பல் படாமல் கவ்வியும் வரும். விரலிடுக்கில் வாத்துக்கு இருப்பதுபோல் சவ்வுகூட உண்டு என்று காலைத் தூக்கிக் காட்டினான்.

பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. தலை முழுக்கக் காப்பிப்பொடி நிறம். உடம்போ, வெள்ளைத் துணியில் யாரோ காப்பியை உதறிவிட்டுப் போனதுபோல் புள்ளி புள்ளியாக. தொங்கிய காது, நறுக்கிவிட்ட வால். அவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள், இருமல் முந்திக்கொண்டது. இருமி முடிப்பதற்குள் அண்ணன் படியிறங்கிவிட்டான்.

மூன்று மாதமாக இந்த இருமல். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்வது அவள் வேலை. எந்த வண்டி எந்த மேடை என்பதற்கு நடுவே லொக் லொக் என்றால் யார் வைத்துக்கொள்வார்கள்? திங்கட்கிழமை மேலதிகாரி வந்து உட்கார்ந்து கேட்கப்போகிறார். அன்றைக்கும் இருமினால், மைக்கை விட்டுவிட்டு, தொலைந்த பொருள்கள் வைக்கும் அறையில் குடைகளோடு குடையாக உட்கார வேண்டியதுதான். டாக்டர் மூன்று முறை மருந்தை மாற்றிவிட்டார். ஒவ்வொரு முறையும் கேட்ட கேள்வியையே கேட்டார். வீட்டில் யாராவது புகை பிடிக்கிறார்களா, பறவை ஏதாவது வளர்க்கிறீர்களா, அதன் இறகுத் தூசி சிலருக்கு நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும். துணைக்கு வந்த கணவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, புகையுமில்லை, பறவையுமில்லை என்று அவளும் அலுக்காமல் சொல்லி வந்தாள்.

மதியம் நாய்க்குச் சோறு வைத்துவிட்டுக் கூப்பிட்டால் வரவில்லை. தேடிப்போனால், வீட்டின் கடைசி அறைக்கு முன்னால் சிலை மாதிரி நிற்கிறது. முன்னங்கால் ஒன்று மடங்கி அந்தரத்தில். மூக்கு கதவிடுக்கை நோக்கி. முதுகும் வாலும் அடிக்கோல் வைத்துக் கோடு இழுத்ததுபோல் ஒரே நேராக.

"டேய், சாப்பிட வா."

காதுகூட அசையவில்லை. தட்டை மூக்குக்குக் கீழே நீட்டினாள். கையைத் தட்டினாள். முதுகைத் தடவினாள், உள்ளே மெல்ல நடுக்கம் தெரிந்தது. வலிப்பா, வாதமா, வந்த இடத்தில் எதையாவது தின்றுவிட்டதா? அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது? கண் மட்டும் பளபளவென்று உயிரோடு இருந்தது, அதுதான் அவளை இன்னும் குழப்பியது.

அது அவள் கணவனின் அறை. கடிகாரம் பழுதுபார்க்கிறவன். பொடி ஸ்குரூ காணாமல் போய்விடும் என்று பெருக்கக்கூட யாரையும் விடமாட்டான், வெளியே போனால் பூட்டிக்கொண்டுதான் போவான். மணிக்கொரு தரம் பொம்மைக் குருவி எட்டிப் பார்த்துக் கூவுகிற குருவிக் கடிகாரம் ஒன்று, மூன்று மாதமாக அங்கே நேரம் காலமில்லாமல் கூவிக்கொண்டிருந்தது. ஒரு குருவியின் வாயை மூடத் தெரியாத மெக்கானிக் என்று அவள் கேலி செய்யாத நாளில்லை. கடிகாரத்துக்குச் சொந்தக்காரர் இனிமேல் பொறுக்க முடியாதென்று சத்தம் போட்டதால், இன்றுதான் அதைத் தூக்கிக்கொண்டு கொடுக்கப் போயிருந்தான்.

வேறு வழியில்லாமல் அண்ணனுக்குப் போன் போட்டாள். அவன் சிரித்தான்.

"அட லூசு, அது நோயில்ல, தொழில். பறவை வாசனை புடிச்சா அப்படித்தான் நின்னு காட்டும். நீ போய் அந்தப் பறவையக் கெளப்புற வரைக்கும் அசையாது."

"இங்க ஏதுண்ணே பறவை? பூட்டின ரூமு."

"எனக்கென்ன தெரியும்? அது பொய் சொல்லாது."

போனை வைத்தபோது கணவன் படியேறி வந்துகொண்டிருந்தான். கையில் சாவி மட்டும். நாயைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டான். இதை முதலில் கொண்டுபோய் விட வேண்டும், நாய் முடி பட்டால் கடிகாரம் எல்லாம் நின்றுவிடும் என்று படபடத்தான். பயப்படுகிறானா, கோபப்படுகிறானா என்று அவளுக்குப் புரியவில்லை.

"குருவிக் கடிகாரத்தக் குடுத்தாச்சா?"

குடுத்தாச்சு என்று தலையாட்டினான்.

பூட்டிய கதவுக்குள்ளிருந்து, "கூ... கூ..." என்றது. சடசடவென்று சிறகடிப்பும் கேட்டது. நாயின் மூக்கு மட்டும் ஒரு விரற்கடை முன்னே நகர்ந்தது.

அவள் நாயைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், கடைசியில் அவனைப் பார்த்தாள். கேட்க வாய் திறந்தால் இருமல்தான் வந்தது. அவன் ஓடிப்போய்த் தண்ணீர் எடுத்து வந்தான். அவள் டம்ளரை வாங்கவில்லை. கையை நீட்டினாள், சாவிக்காக.

சாவியை உள்ளங்கையில் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி அவன் சொன்னான்:

"ரெண்டே ரெண்டு புறாதான். டாக்டர் கேட்டப்போ சொல்லிரலாம்னுதான் வாயத் தொறந்தேன்... நீ முந்திக்கிட்டு இல்லன்னுட்ட."