தொண்ணூற்று நான்கு அழைப்புகள்

தம்பி பதினோரு மணிக்கு ராஜினாமாக் கடிதம் கொடுப்பதாக இருந்தான். மணி பத்தே முக்கால். ஏசி அறையில் உட்கார்ந்திருந்தும் எனக்கு வியர்த்துக் கொட்டியது.

டாக்டர்களுக்கு இணையத்தில் விளம்பரம் போட்டு, தேடிப் பார்த்தவர்களில் எத்தனை பேர் போன் செய்தார்கள் என்று அறிக்கை கொடுப்பது என் வேலை. தம்பி தோல் டாக்டர். பகலில் பெரிய ஆஸ்பத்திரியில் சம்பள வேலை, சாயங்காலம் சொந்த கிளினிக்.

"ஆஸ்பத்திரிய விட்டுட்டு முழுநேரமும் கிளினிக்ல உக்காரலாமாக்கா? கூட்டம் கம்மியாத்தான் இருக்கு. ஆனா நீ சொன்னா சரி" என்று போன வாரம் கேட்டிருந்தான்.

அவனுக்கு நான் போட்ட விளம்பரத்திலிருந்து போன மாதம் தொண்ணூற்று நான்கு அழைப்புகள். மூன்று மாதமாக ஏறுமுகம். "போன் வருதுல்ல, ஆளும் வருவாங்க. தைரியமா விடு" என்று பெரிய மனுஷியாகச் சொல்லியிருந்தேன்.

வேறு டாக்டரென்றால் வரிவரியாக மேய்ந்திருப்பேன். தம்பி என்றதும் மொத்தத்தை மட்டும் பார்த்துப் பூரித்துப் போனேன், மடச்சி. இன்று ஏதோ உறுத்த, அறிக்கையின் உள்பக்கத்தைத் திறந்தேன். அழைப்புகளின் நீளம் ஏழு நொடி, ஆறு நொடி, எட்டு நொடி. அப்பாயின்ட்மென்ட் கேட்க ஏழு நொடி எந்த மூலைக்கு? அழைத்த எண்ணைப் பார்த்தேன். எழுபத்தொரு தடவை ஒரே எண். எனக்கு மனப்பாடமான எண்.

தம்பி போனை எடுக்கவில்லை. அம்மாவை அழைத்தேன்.

"கிளினிக்குக்கு எப்படிம்மா போன் போடற?"

"போன்ல அவன் பேர போட்டுத் தேடினா மேல விளம்பரத்துல போட்டோவோட வர்றானே? கொஞ்ச நேரம் பாத்துட்டு அங்கயே இருக்கற போன் பட்டன அமுக்குவேன். 'டாக்டர் பேஷன்ட் பாக்குறாரு'ன்னு கிளினிக்ல போன் எடுக்கற பொண்ணு சொல்லும். நல்ல கூட்டம்னு நிம்மதியா வெச்சிடுவேன். ஏன்டி, தப்பா?"

"தப்பில்லம்மா" என்று போனை வைத்தேன்.

பதினொன்று ஐந்துக்குத் தம்பி கூப்பிட்டான். "குடுத்துட்டேன்கா! எல்லாரும் கை குலுக்கினாங்க."

மென்று விழுங்காமல் சொல்லிவிட்டேன். இருபத்து மூன்று பேர்தான் நோயாளிகள், மீதி அம்மா, தப்பு என்னுடையது. கத்துவான் என்று காத்திருந்தேன். அவன் கத்தவில்லை.

"அம்மாகிட்ட சொல்லிடாதக்கா" என்றான். "போன் பண்றத நிறுத்திடுவாங்க. சில நாள் சாயங்காலம் அது ஒண்ணுதான் அடிக்குது."