சங்கிலி ஜெபம்

சிங்காநல்லூர் சபையில் மார்த்தாளைப் போல ஜெபம் செய்ய ஆளில்லை. இதை மார்த்தாளே ஒப்புக்கொள்வாள். புதன்கிழமை ஜெபக்கூட்டம் யார் வீட்டில் நடந்தாலும் கடைசி ஜெபம் அவளுடையதுதான். முட்டி போட்டு முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டாளென்றால் அரை மணி நேரத்துக்கு ஆள் இந்த உலகத்தில் இருக்கமாட்டாள். இன்னாருக்கு மூலம், இன்னார் மருமகளுக்கு மூன்று மாதம் தாண்டி எதுவும் தங்குவதில்லை, இன்னார் மகனை மில்லில் சஸ்பெண்டு செய்திருக்கிறார்கள் என்று, ஆண்டவருக்கு விவரம் போதாதோ என்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிக் கெஞ்சுவாள். சுற்றியிருக்கும் பெண்கள் 'ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்' என்று சொல்லிக்கொண்டே காதைத் தீட்டிவைத்துக் கேட்பார்கள். அதையே குழாயடியில் நின்று சொன்னால் புறணி, முட்டி போட்டுச் சொன்னால் பாரம் பகிர்வது. அந்தச் சபையில் யாரும் எழுதி வைக்காத சட்டம் இது.

1994ஆம் வருஷம் கிதியோனின் பிழைப்பு கெட்டது இந்தச் சட்டத்தால்தான்.

கிதியோன் மிஷன் விடுதியில் வளர்ந்தவன். அப்பா அம்மா முகம் தெரியாது. இருபத்தெட்டு வயது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பான். சபையில் சாவு விழுந்தால் முதலில் தோள் கொடுப்பவன் அவன், கல்யாணம் என்றால் பெஞ்சு தூக்குபவனும் அவன். 'இவன் சபையின் பிள்ளை, சபைதான் இவன் வீடு' என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஆயர் அவனை முன்னால் நிற்கவைத்துச் சொல்வார். எல்லாரும் கை தட்டுவார்கள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்பான்.

இப்படி ஒரு பிள்ளை கல்யாணம் ஆகாமல் இருப்பது மார்த்தாளுக்குப் பொறுக்கவில்லை. மதுக்கரையில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் ஒருவரின் மகளைப் பார்த்து வைத்துக்கொண்டு இரண்டு மாதம் அவனைத் துரத்தினாள். அவனும் பிடி கொடுக்காமல் நழுவிப் பார்த்தான். பெண்ணின் அப்பா பூ வைக்க நாள் பார்த்துவிட்டார் என்று தெரிந்ததும், ஒரு மத்தியானம் மார்த்தாளின் சமையலறையில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, அந்தப் புள்ளைய வேற நல்ல எடமாப் பாத்துக் குடுங்க. எனக்கு வேண்டாங்க்கா."

"ஏன் கண்ணு, நெறம் கம்மீன்னு யோசிக்கறயா?"

"அதில்லீங்க்கா. எனக்குப் பொம்பளைங்க மேல அந்த ஆசையே வந்ததில்லீங்க. வந்ததெல்லாம் ஆம்பளைங்க மேலதான். வெவரம் தெரிஞ்ச நாள்லயிருந்தே அப்படித்தானுங்க. இதத் தெரிஞ்சுட்டே கட்டீட்டு ஒரு புள்ளையோட பாவத்தக் கொட்டிக்கச் சொல்றீங்களா?"

மார்த்தாள் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அவனை எழுந்து போ என்று சொல்லவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள். "எம் மனசுக்குள்ளயே போட்டுப் பூட்டிக்கறேன் சாமி. ஈ காக்காய்க்குத் தெரியாது, போ" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். ஆறு நாள் காப்பாற்றவும் செய்தாள்.

ஏழாம் நாள் புதன்கிழமை. சபைச் செயலாளர் சற்குணத்தின் வீட்டில் கூட்டம். தெருவைப் பார்த்த ஜன்னல் இரண்டும் திறந்திருந்தன. மார்த்தாள் ஜெபத்தில் சூடேறி, கண்ணீர் வழிய, ஒவ்வொருவராக ஏந்தி மன்றாடிக்கொண்டே வந்தவள், "எங்கள் மகன் கிதியோனை, ஆண்களை இச்சிக்கிற அந்தக் கட்டுகளிலிருந்து விடுவியும் ஆண்டவரே" என்று சொல்லிவிட்டாள். ஸ்தோத்திரம் சட்டென்று நின்றது. பிறகு முன்னைவிடச் சத்தமாகக் கிளம்பியது. அப்போதுதான் தான் என்ன செய்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. ஆமென் சொன்னதும் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வழக்கமாகக் கேசரிக்கு இரண்டாம் தரம் கை நீட்டுகிறவர்கள்கூட வீட்டில் வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்துவிட்டார்கள்.

சனிக்கிழமைக்குள் விஷயம் டீக்கடை வரைக்கும் போய்விட்டது. திங்கட்கிழமை இன்ஸ்டிட்யூட் முதலாளி அவனைக் கொஞ்ச நாள் லீவில் இருக்கச் சொன்னார். அவன் குடியிருந்த வீட்டின் சுவரில் யாரோ கரியால் 'ஒம்போது' என்று எழுதிவைத்தார்கள். வியாழக்கிழமை சாயந்தரம் பஸ் ஸ்டாண்டில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து அவனைப் பிடித்துக்கொண்டார்கள். சட்டையைக் கிழித்து, ஒரு பழம்புடவையைச் சுற்றிவிட்டு, ஆடச் சொல்லிக் கை தட்டினார்கள். ஆடாததற்கு அடித்தார்கள். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அதே நிறுத்தத்தில் பாடகர் குழுவைச் சேர்ந்த மூன்று பேர் நின்றிருந்தார்கள். மூன்று பேரும் பல்லடம் பஸ்ஸின் போர்டை அத்தனை அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். கிதியோன் அவர்களைப் பார்த்தான், பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

மறுநாள் காலையில் புருவத்தில் பிளாஸ்திரியோடு மார்த்தாள் வீட்டுக்கு வந்தான். அவனைக் கண்டதும் அவள் அழுதுவிட்டாள்.

"அழுகாதீங்க்கா. நீங்க வேணும்னு செய்யலீன்னு எனக்குத் தெரியுங்க. நான் வந்தது வேற விசயத்துக்கு."

குளக்கரைப் பக்கம் நாச்சியம்மாள் என்கிற கவுண்டர் வீட்டு அம்மாளின் மாடி அறையில்தான் அவன் வாடகைக்கு இருந்தான். புருஷன் இல்லாத அந்த அம்மாளை, சுவரில் எழுதினதிலிருந்து கொழுந்தனார் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தார். அவனைக் காலி பண்ணச் சொல்ல ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் நேரில் வருகிறாராம்.

"அந்தம்மாளுக்கு என்னய அனுப்ப மனசில்லீங்க்கா. ஒண்ணே ஒண்ணு கேக்கறாங்க. உங்க கோயில்ல இருந்து பெரிய மனுசரு ஒருத்தரு வந்து, இவன் எங்க பையன், இவனுக்கு நாங்க இருக்கோம்னு எங் கொழுந்தனாரு முன்னால ஒரு வார்த்த சொல்லட்டும், பொறவு நா பாத்துக்கறேங்கறாங்க. அஞ்சரைக்கு வந்தாப் போதுங்க. ஆளில்லாதவன்னு நெனச்சுத்தானுங்க்கா எல்லாரும் கை வெக்கறாங்க. ஒரே ஒரு ஆளு போதுங்க."

"வாரோம் கண்ணு. ஆரும் வல்லீன்னாலும் நா வாரேன்" என்றாள் மார்த்தாள்.

நேரே ஆயரிடம் போனாள். ஆயர் தேவசித்தம் நல்லவர், அதுதான் அவரிடம் தொந்தரவு. யாருடைய மனமும் நோகக்கூடாது அவருக்கு. மே மாதம் மாற்றல் வேறு வரவேண்டியிருந்தது. மார்த்தாள் சொன்னதைக் கேட்டு அவர் கண்ணும் கலங்கத்தான் செய்தது.

"பாவமுங்க அந்தப் பையன். ஆனா நா தனியாப் போய் நின்னா, சபையே அத ஏத்துக்கிட்ட மாதிரி ஆயிருமில்லீங்களா? நாளைக்குக் கமிட்டி கூடுதுங்க. அதுல வெச்சரலாம்."

கமிட்டியில் பதினோரு ஆண்களும், பெண்கள் சங்கத் தலைவி என்ற முறையில் மார்த்தாளும் இருந்தார்கள். ஒருவர் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்றார். இன்னொருவர் பாவத்தை வெறுப்போம், பாவியை நேசிப்போம் என்றார். நேசிக்கிறவர் ஞாயிற்றுக்கிழமை அஞ்சரை மணிக்குக் குளக்கரைக்கு வருவாரா என்று மார்த்தாள் கேட்டதும், அவர் ஆயரைப் பார்த்தார். ஆயர் சற்குணத்தைப் பார்த்தார்.

சற்குணம் மில்லில் டைம் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். ஷிப்ட் போடுவதில் கெட்டிக்காரர். தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"அந்தத் தம்பியக் கைவிடக்கூடாதுங்க. அதுல ரெண்டு பேச்சில்ல. ஆனா ஒரு ஊட்டு வாசல்ல போய் நின்னு மனுசங்ககிட்டப் பேசறதவிட, ஆண்டவர்கிட்டப் பேசறது பெருசில்லீங்களா? நாளைக்கு மத்தியானம் பன்னெண்டுல இருந்து ஏழு வரைக்கும் சங்கிலி ஜெபம் வெச்சரலாம்."

எல்லார் முகமும் தெளிந்தது. சங்கிலி ஜெபம் என்றால், ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பேர் வீதம் கோயிலில் முட்டி போட்டிருக்கவேண்டும். அடுத்த ஜோடி வந்து முட்டி போட்ட பிறகுதான் இவர்கள் எழலாம். நடுவில் ஒரு நிமிஷம் ஆளில்லாமல் போனாலும் சங்கிலி அறுந்ததாகக் கணக்கு. சற்குணம் அங்கேயே ஒரு தாளில் கட்டம் போட்டார். ஒரு ஆள் கிடைக்காமல் தவித்த விஷயத்துக்கு ஐந்து நிமிஷத்தில் பதினான்கு பெயர் நிரம்பியது.

"அஞ்சுல இருந்து ஆறு மார்த்தாக்கா. அதான் முக்கியமான நேரம். அவங்க ஜெபந்தான் அந்நேரத்துக்குத் தாங்கும்."

"அந்நேரம் நா அங்க போகோணுமுங்களே" என்றாள் மார்த்தாள்.

"ஜெபத்த உட்டுப்போட்டுங்களா?" என்றார் சற்குணம். பதினோரு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

ஆமாம், விட்டுவிட்டுத்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தன் ஜெபம்தான் தாங்கும் என்று சொன்னது உள்ளே இனித்தது. தெருவே வேடிக்கை பார்க்க, முன்பின் தெரியாத மனுஷர்கள் முன்னால் 'இவன் எங்கள் பையன்' என்று நிற்பதை நினைத்தாலே கூச்சமாகவும் பயமாகவும் இருந்தது. இனி போகவேண்டியதில்லை என்றதும் அவளுக்கு நிம்மதியாகவே இருந்தது. அந்த நிம்மதிக்காகத் தன்னை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கிதியோன் வரவில்லை. ஆர்மோனியம் இல்லாமலே பாடினார்கள். சாயந்தரம் ஐந்து மணிக்கு மார்த்தாளும், அவளுக்கு ஜோடியாகப் போட்டிருந்த ராசாத்தாளும் பீடத்துக்கு முன்னால் முட்டி போட்டார்கள். நாச்சியம்மாளின் மனம் இளகவேண்டும் என்று மார்த்தாள் ஆரம்பித்தாள். அந்த அம்மாளின் மனம் ஏற்கெனவே இளகித்தான் இருந்தது. இளகவேண்டிய மனமெல்லாம் மணிக்கு இரண்டாகக் கோயிலுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தது. ஐந்து இருபதுக்கு அவளுக்கு வார்த்தை வற்றியது. அவள் வாழ்க்கையில் அப்படி நடந்ததே இல்லை. திரும்பித் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ராசாத்தா, நீ பாத்துக்கறயா? நா ஒரு எட்டு குளக்கரைக்குப் போயிட்டு வந்தர்றேன்."

"ஒத்தையிலயாக்கா? ரெண்டு பேரு இருக்கோணும்னு சொன்னாங்களே. அறுந்துபோச்சுன்னா எம்மேலயல்ல பழி வரும்?"

மார்த்தாள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். அஞ்சரை அடித்தது. ஆறு அடித்தது. ஆறு மணி ஜோடி சற்குணமும் அவர் மனைவியும்தான். பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து சம்பந்தி வந்துவிட்டார் என்று அவர்கள் வந்து சேர்ந்தபோது ஆறு இருபத்தைந்து. கையில் பஜ்ஜி வாசனை போகவில்லை. "அறாமக் காத்துட்டீங்க. ஸ்தோத்திரமுங்க" என்றார் சற்குணம். மார்த்தாள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். நாற்பத்தொன்பது வயது உடம்பு குளக்கரை வருவதற்குள் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கியது.

நாச்சியம்மாள் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு மர நாற்காலி தெருவைப் பார்த்தபடி கிடந்தது. மாடி அறைக் கதவு விரியத் திறந்திருந்தது, உள்ளே விளக்கில்லை.

"ஆருங்க அம்மணி?"

"கோயில்ல இருந்து வாரேனுங்க. கிதியோனுக்காக."

நாச்சியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆறு மணி வரைக்கும் எங் கொழுந்தனாரு உக்கோந்திருந்தாருங்க. நாந்தான், இருங்க, அவங்க கோயில்ல முன்னூறு குடும்பமாமுங்க, ஒருத்தராச்சும் வருவாங்கன்னு புடிச்சு வெச்சிருந்தேன். அந்தத் தம்பி இந்தச் சேர்ல உக்கோந்து ரோட்டயே பாத்துட்டிருந்தான். சைக்கிள் வந்தா எந்திரிப்பான், பொறவு உக்கோந்துக்குவான். ஆரும் வல்லீன்னா நா எதச் சொல்லீங்க மல்லுக்கு நிக்கறது? பொட்டியத் தூக்கீட்டு இப்பத்தானுங்க போனான். அரை மணி இருக்கும்."

"எங்க போறேன்னு சொன்னானுங்களா?"

"கேட்டேனுங்க. ஆராச்சும் தேடீட்டு வந்தா என்ன சொல்லட்டும் சாமீன்னு கேட்டேன். ஆரும் வரமாட்டாங்கம்மான்னு சொல்லிப்போட்டுப் போயிட்டான்."

மார்த்தாளுக்கு அப்படியே போய்விடாமல், இந்த அம்மாளிடமாவது தாங்கள் மோசமானவர்கள் இல்லை என்று சொல்லிவிட வேண்டும்போல இருந்தது.

"நாங்க சும்மா இருக்கலீங்க. மத்தியானம் பன்னெண்டுல இருந்து ஆளு மாத்தி ஆளு அவனுக்காக ஜெபம் பண்ணீட்டு இருக்கறோமுங்க. ஒரு நிமிசங்கூட உடலீங்க. பதினாலு பேருங்க."

"பதினாலு பேருங்களா? எங்கீங்க?"

"கோயில்லதானுங்க."

நாச்சியம்மாளுக்கு அது உண்மையாகவே விளங்கவில்லை.

"அவன் இங்கதானுங்களே இருந்தான்" என்றாள்.